பதினொரு தகடுகள்

2003 மார்ச் 11, செவ்வாய்

தோழர்களே. வார்ப்பாலைத் தோழர்களே, மோட்டாருக்குக் காயில் கட்டும் பெண்களே, ஆலை வாயிலுக்கு வெளியே குளிரில் நிற்கும் ஊர் மக்களே. ஏழு நாட்களுக்கு முன், நாற்பத்தொரு வயது அசேன் வேலைக்கு வந்தான், வீடு திரும்பவில்லை. அவனைக் கொன்றது உடைந்து சிதறிய சாணைக்கல் என்கிறார்கள். கல்லைத் தவறாக மாட்டியவன் அவன் என்கிறார்கள். ஆகவே அசேனைக் கொன்றவன் அசேனே என்று அறிக்கை எழுதி, நான்கு மூலையிலும் ஊசி குத்தி, அறிவிப்புப் பலகையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். இதை —

இவ்வளவுதான் வந்தது. வெள்ளிக்கிழமை வாயிற்கூட்டத்துக்கான பேச்சு. பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த ஆலையின் சங்கத்துக்காகப் பேசுகிறேன். ஒருநாளும் எழுதி வைத்துக்கொண்டு பேசியதில்லை. இன்று எழுதிப் பார்த்தும் வரவில்லை. 'இதை' என்ற சொல்லுக்குப் பின் என்ன வர வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஏற்கமாட்டோம், பொறுக்கமாட்டோம், விடமாட்டோம். மூன்றும் எனக்கு மனப்பாடம். கை போகவில்லை.

அசேன் என் தம்பி. அதையும் எழுத வேண்டியிருக்கிறது.

வீட்டுக் கதவில் அவன் இறப்பை அறிவிக்கும், படம் போட்ட கருங்கரைத் தாள். தெருவில் மூன்று மின்கம்பங்களில், ரொட்டிக்கடைக் கண்ணாடியில், ஆலைச் சுவரில். எங்கே போனாலும் எதிரே நிற்கிறான். படத்தில் டை கட்டியிருக்கிறான். அது அவனுடையதன்று, யாருடைய திருமணத்துக்கோ இரவல் வாங்கியது.

அவரைக்கொட்டைச் சூப்பைச் சூடு செய்தேன். ஆறிவிட்டது. மறுபடி சூடு செய்தேன்.

மார்ச் 12, புதன்

ஒன்பதாம் நாள். கல்லறைத் தோட்டத்தில் பனி பாதி உருகிச் சேறாகக் கிடந்தது. அசேனின் மனைவி நெவேனா வேகவைத்த கோதுமையில் சர்க்கரை தூவி, காகிதக் குவளைகளில் எல்லோருக்கும் கொடுத்தாள். என்னிடம் வந்ததும் குவளையைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அவரு தப்பு இல்லைன்னு ஒரு தாளு வேணும். அவ்வளவுதான். ஸ்கூல்ல எம் பொண்ணைக் கேக்கறாங்க, உங்கப்பாவுக்குக் கல்லு மாட்டத் தெரியாதாமேன்னு."

வாங்கித் தருகிறேன் என்றேன். எப்போதும் சொல்வதைப் போலத்தான் சொன்னேன். குரல் கூட நன்றாக வந்தது.

கோதுமைக்குச் சுவை தெரியவில்லை. சர்க்கரை பல்லில் நறநறத்தது, அது தெரிந்தது.

மார்ச் 13, வியாழன்

அறிக்கையை இன்று முழுவதும் படித்தேன். ஒன்றரைப் பக்கம். 'கல்லில் குறித்த உச்ச வேகம் நிமிடத்துக்கு 1670 சுற்று. மோட்டார்த் தகட்டில் குறித்த வேகம் 1450. ஆகவே வேகத்தில் பிழையில்லை. கல்லுக்கும் இரும்பு வளையத்துக்கும் இடையே காகித அட்டை வைக்காமல் இறுக்கியிருக்க வேண்டும்.'

இருக்க வேண்டும். பார்த்தார்களா? அட்டை எரிந்துபோனதா, தூளானதா, இல்லவே இல்லையா — யார் பார்த்தது?

அசேன் புதுக் கல்லை முதலில் கம்பியில் தொங்கவிடுவான். மரச்சுத்தியால் தட்டி, காதை வைத்துக் கேட்பான். விரிசல் இல்லாத கல் மணிபோல் ஒலிக்கும். ஒரு முறை என்னையும் கூப்பிட்டுக் கேட்கவைத்தான். "நீ மேடையில பேசறதைவிட இது நல்லா பேசுது பாரு" என்றான். அவனா அட்டையை மறந்தவன்.

மார்ச் 14, வெள்ளி

கூட்டம் நடந்தது. இருநூறு பேர் இருக்கும். வாயிற்படியில் ஏறினேன். தோழர்களே என்றேன். அடுத்த சொல் வரவில்லை. முன்வரிசையில் நின்ற தாஞ்சோவின் மேற்சட்டைப் பொத்தான்களை எண்ணினேன். ஐந்து, ஒன்று வேறு நிறம். இறங்கிவிட்டேன்.

யாரோ கைதட்டினார்கள். துயரத்தால் இறங்கிவிட்டேன் என்று எண்ணியிருப்பார்கள். துயரமாக இருந்தால் நல்லது. எனக்கு ஒன்றுமே இல்லை. பல் பிடுங்குமுன் ஊசி போட்ட கன்னம் போல இருக்கிறது உடம்பு முழுவதும்.

தாஞ்சோ அசேனுக்குப் பக்கத்துப் பொறியில் வேலை செய்பவன். கூட்டம் கலைந்ததும் பின்னாலேயே வந்தான்.

"அக்கா, தப்பா நினைக்கக் கூடாது. அன்னிக்குக் கல்லு வேற மாதிரி கத்துச்சு."

"எப்படி?"

"சுவிட்சு போட்டதும் எடுக்கவே மாட்டேன்னுச்சு. லைட்டெல்லாம் மங்கிப் போச்சு. அப்புறம் ஒரே ஊளை. அசேன் அண்ணன் சிரிச்சாரு. 'இன்னிக்கு இவனுக்கு நல்ல பசி, கையைப் பத்திரமா வெச்சுக்கடா'ன்னாரு. இரும்பு சும்மா கரைஞ்சுது அக்கா. பத்தொம்பது நிமிஷம்."

"நீ எண்ணினியா?"

"எதிர்ல கடிகாரம் இருக்கே. இப்பல்லாம் நான் அந்தப் பக்கம் பாக்கறதில்ல."

மார்ச் 16, ஞாயிறு

ஒன்றுமில்லை. துணி துவைத்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

இருபத்து மூன்று ஆண்டுகளாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன். புதிதாக வரும் பெண்களுக்கு முதல் நாள் நான் சொல்லித் தருவதை எனக்கே இன்று சொல்லிக்கொள்கிறேன். வேறு எதையும் நினைக்க மனம் ஒப்பவில்லை. இது மட்டும் ஓடுகிறது.

சுவரிலிருந்து வரும் மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுழற்சி. அதை நாம் மாற்ற முடியாது. நம் கையில் இருப்பது காயில்களை, இந்தச் செம்புக் கம்பிச் சுருள்களை, எப்படிக் கூட்டம் சேர்ப்பது என்பதே. இரண்டு காந்தத் துருவம் அமையும்படி சேர்த்தால் உள்ளே காந்தப் புலம் நிமிடத்துக்கு மூவாயிரம் முறை சுற்றும். நான்கு துருவம் என்றால் ஆயிரத்து ஐந்நூறு. ஆறு என்றால் ஆயிரம். எட்டு என்றால் எழுநூற்றைம்பது. மோட்டாரின் தண்டு அதற்குச் சற்றுப் பின்தங்கியே ஓடும். ஆகவேதான் நான்கு துருவ மோட்டாரின் தகட்டில் 1450 என்றும் இரண்டு துருவத்தில் 2900 என்றும் எழுதியிருக்கும். துருவம் கூடினால் வேகம் குறையும். அதே ஆற்றலுக்கு முறுக்குவிசை கூடும். துருவம் குறைந்தால் வேகம் பாயும், முறுக்கு பாதியாகும். இரண்டையும் ஒருசேரக் கேட்காதே, ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்கலாம் என்பேன். பெண்கள் சிரிப்பார்கள்.

இரண்டு துருவ மோட்டார் பளுவான கல்லைக் கிளப்பத் திணறும். விளக்கு மங்கும். கிளம்பிய பின் இருமடங்கு ஓடும். ஊளையிடும். கல்லைப் பிய்த்தெறியும் விசையோ வேகத்தைப் போல் இருமடங்காக நிற்காது, நான்கு மடங்காகும்.

தாஞ்சோ சொன்னது முழுவதும் இதுதான்.

ஆனால் தகட்டில் 1450 என்றிருக்கிறது. ஐந்தரைக் கிலோவாட் மோட்டார் நம் ஆலையில் இரு வகையிலும் உண்டு. இரண்டு துருவத்துக்கும் நான்கு துருவத்துக்கும் ஒரே கூடு, ஒரே காலடி, ஒரே தண்டு. வெளியே நின்று பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். தகடு ஒன்றுதான் பிரித்துச் சொல்லும்.

தகடு பொய் சொல்லுமா?

மார்ச் 20, வியாழன்

அந்த மோட்டார் பண்டகசாலையின் பின்னறையில் தார்ப்பாயின் கீழ்க் கிடக்கிறது. காகித முத்திரை ஒட்டியிருக்கிறார்கள். பண்டகசாலைக்காரர் ஸ்தாமென் என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த மின் அளவுமானியைப் பார்த்தார்.

"நான் காபி குடிக்கப் போறேன், பொண்ணே. எனக்கு இப்பல்லாம் காபி மெதுவாத்தான் இறங்குது. கால் மணி நேரமாவது ஆகும்."

"முத்திரை கிழிஞ்சா என்ன சொல்வீங்க அண்ணே?"

"எலின்னு சொல்வேன். போன வருஷம் எத்தனை கணக்கை எலி மேல எழுதியிருக்கேன்."

தார்ப்பாயை விலக்கினேன். கழுவியிருந்தார்கள். நன்றாகவே கழுவியிருந்தார்கள்.

ஒரு காயிலின் இரு முனைகளிலும் அளவுமானியைக் கோத்தேன். தண்டைக் கையால் மெல்லச் சுற்றினேன். இரும்பில் எஞ்சியிருக்கும் காந்தமே ஊசியை அசைக்கப் போதும். நான்கு துருவம் என்றால் ஒரு சுற்றில் ஊசி இரண்டு முறை போய்வரும். இரண்டு துருவம் என்றால் ஒரே முறை.

ஒரே முறை.

மறுபடி சுற்றினேன். ஒரே முறை. தண்டு சற்று வளைந்திருந்தது, எங்கோ உரசியது. மூன்றாம் முறையும் சுற்றினேன்.

அப்படியானால் கொன்றது அசேன் அல்லன். தகடுதான். பொய்த்தகடு. யாரோ ஒரு அறிவிலி நான்கு துருவத் தகட்டை இரண்டு துருவ மோட்டாரில் அடித்திருக்கிறான். எவன் அவன்? பேச்சு எனக்குள் தானாகவே எழுந்தது. பதினாறு நாளில் முதன்முறை. அவன் பெயரை இந்த ஊரின் ஒவ்வொரு கம்பத்திலும் —

குனிந்து தகட்டைப் பார்த்தேன். நான்கு மூலையிலும் ஆணி. எஃகு ஆணி அல்ல. செம்பு.

ஸ்தாமென் திரும்பி வந்தபோது தரையில் உட்கார்ந்திருந்தேனாம். "எலி கடிச்சிருச்சா?" என்றாராம். எனக்கு நினைவில்லை.

மார்ச் 21, வெள்ளி

அந்தச் செம்பு ஆணிகள் நான் செய்தவை.

மார்ச் 23, ஞாயிறு

எழுதிவிட வேண்டும். இங்கே எழுத முடியாதென்றால் எங்கேயும் முடியாது.

சென்ற ஆண்டு செப்டம்பர். அதே வாயிற்படி. அன்று எனக்குக் குரல் இருந்தது. 'தகடில்லாத பொறி பெயரில்லாத பிணம். தகடில்லாத ஒரு மோட்டாரையும் தொடமாட்டோம்' என்றேன். ஊரே கைதட்டியது. அசேன் இரண்டு விரலை வாயில் வைத்துச் சீழ்க்கை அடித்தான். என் பேச்சு தலைநகர் சோஃபியாவரை எட்டி, அக்டோபர் 18-இல் ஆய்வாளர் வருவதாகக் கடிதம் வந்தது.

பதினேழாம் நாள் மேலாளர் கராஜோவ் எங்கள் பட்டறைக்கு வந்தார். பண்டகசாலையில் பதினொரு மோட்டார்கள் தகடில்லாமல் இருந்தன. எல்லாம் ஐந்தரைக் கிலோவாட். தகடு துருப்பிடித்தோ உடைந்தோ விழுந்து ஆண்டுக்கணக்காகிறது. கழித்துப்போட்ட மோட்டார்களின் தகடுகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. டப்பாவை என் மேசைமேல் வைத்தார்.

"நீங்கதானே தகடு கேட்டீங்க. நீங்களே அடிங்க."

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் ஆலையில் தகடு விழுந்தால் பழைய தகடு ஒன்றை அடிப்பது புதிதன்று, எல்லோரும் செய்வதுதான். மோட்டாரை ஓடவைப்பது காயில், தகடா என்போம். ஐந்தரை என்று எழுதிய தகடுகளைப் பொறுக்கினேன். கூட்டின் அளவைப் பார்த்தேன், ஆற்றலைப் பார்த்தேன். வேகத்தைப் பார்க்கவில்லை. எஃகு ஆணி தீர்ந்துபோயிருந்தது. காயில் கட்டும் தடித்த செம்புக் கம்பியை வெட்டி ஆணி செய்துகொண்டேன். அழகாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார்கள். மறுநாள் ஆய்வாளர் தகடு இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது.

நவம்பரில் அவற்றுள் ஒன்றை மணல் கூடத்துக் காற்றாடிக்குப் பொருத்தினார்கள். ஒரு மணி நேரத்தில் எரிந்துபோயிற்று. எரியாமல் என்ன செய்யும்? காற்றாடி இருமடங்கு ஓடினால் எட்டு மடங்கு ஆற்றல் கேட்கும். அது என்னிடமே வந்தது. மூடியைத் திறந்தேன், எரிந்த காயிலை எடுத்தேன், எண்ணினேன். இரண்டு துருவம். அதேபடி புதிதாகக் கட்டி, நூலால் வரிந்து, வார்னிஷ் ஊற்றி, உலர்த்திப் பண்டகசாலைக்கு அனுப்பினேன். காயில் கட்டுபவள் உள்ளே பார்ப்பாள். பொறியில் மாட்டுபவன் வெளியே தகட்டைப் பார்ப்பான். இருவரும் ஒருவரையொருவர் கேட்பதில்லை.

பிப்ரவரி 28 அன்று, அசேனின் சாணையில் மோட்டார் புகைந்தபோது, பண்டகசாலையிலிருந்து எடுத்துப் போனது அதைத்தான். திங்களன்று நாட்டின் விடுதலை நாள் விடுமுறை. செவ்வாய் காலை அவன் விசையைப் போட்டான்.

தகடு அடித்தவள் நான். உள்ளே கட்டியவளும் நான். வியாழனன்று அந்த மோட்டாருக்குள் வரிந்திருந்த நூலைப் பார்த்தேன். என் முடிச்சு.

தண்டைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்க்க ஒரு நிமிடம். பதினொரு மோட்டாருக்குப் பதினொரு நிமிடம். அன்று மாலை நாலரைக்கே வீட்டுக்கு வந்து குளிர்காலச் சேமிப்புக்குக் குடைமிளகாய் சுட்டேன்.

அழுகை வரும் என்று எண்ணி எழுதினேன். வரவில்லை.

மார்ச் 26, புதன்

கராஜோவ் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்தினார்.

"இரண்டு துருவம்" என்றேன். உட்காரக்கூட இல்லை.

"தெரியும். போன வாரம் நானே அதை ஓடவிட்டுப் பாத்தேன்."

"அறிக்கை அப்படியே தொங்குதே."

"மாத்திடலாம். கல்லு செஞ்ச இடத்துலயே உள்விரிசல். உங்க தம்பி பேர்ல ஒரு எழுத்து வராது. நானே கையெழுத்துப் போடறேன்." மேசையிலிருந்த பென்சிலை நேராக்கினார். "தகட்டை யார் அடிச்சதுன்னு நான் கேக்கல. நீங்களும் கேக்காதீங்க, ராய்னா."

"மத்த பத்து மோட்டார்?"

"ஆகஸ்ட் விடுமுறையில ஆலை நிக்கும். ஒண்ணொண்ணா பாத்துடலாம், சத்தமில்லாம. இப்ப நிறுத்தினா ஏன் நிறுத்தறோம்னு சொல்லணும். சொன்னா யார் பேரைச் சொல்றது? நீங்களே சொல்லுங்க."

கையை நீட்டினார். பிடித்துக் குலுக்கினேன். அவர் கை சூடாக இருந்தது. என் கையைப் பற்றி எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

புதிய அறிக்கை வந்துவிட்டது. நெவேனாவிடம் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு முறை படித்தாள். பிறகு புனிதர் படத்தின் பின்னால் செருகினாள்.

"நீங்க சொன்னா செய்வீங்கன்னு எனக்குத் தெரியும் அக்கா. ஊருக்கே தெரியும்."

சீஸ் வைத்த பானித்சா அப்பம் சுட்டிருந்தாள். நோன்புக்காலம், அவள் தொடவில்லை, எனக்காகச் சுட்டது. இரண்டு துண்டு தின்றேன். தின்ன முடிகிறது. உறங்க முடிகிறது. காயில் கட்ட முடிகிறது. ஒரு சுற்றுகூடப் பிழைப்பதில்லை. இப்படியே இருந்துவிடலாம் போலிருக்கிறது.

ஏப்ரல் 5, சனி

ஆலைப் புகைபோக்கியில் நாரை வந்து உட்கார்ந்திருக்கிறது. மார்ச் முதல் நாள் அசேன் என் மணிக்கட்டில் கட்டிய சிவப்பு வெள்ளை நூலை, எங்கள் ஊர் வழக்கப்படி, இனி அவிழ்த்துப் பூத்த மரத்தில் கட்டவேண்டும். "நாரையைப் பாக்கற வரைக்கும் கழட்டக் கூடாது. உன் காயில் மாதிரி வரிஞ்சு கட்டல, லேசாத்தான் கட்டியிருக்கேன்" என்றான். அவன் கையிலும் ஒன்று இருந்தது.

அவிழ்க்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

செம்புக் கம்பி வாங்கப் பண்டகசாலைக்குப் போனேன். வாசலில் தள்ளுவண்டியில் ஒரு மோட்டார்.

"எங்க போகுது அண்ணே?"

"சாணைக்கு. திங்கள்கிழமை ஓட்டணுமாம். புதுக் கல்லும் வந்துருச்சு. இந்த மோட்டாரு கெட்டி, பொண்ணே, அஞ்சரை, தகடெல்லாம் பளிச்சுனு இருக்கு."

நான்கு மூலையிலும் செம்பு.

"சாணையில யார் நிக்கப் போறாங்க?"

"தாஞ்சோ. வேற யாரு? மத்தவங்க எல்லாம் முதுகுவலிங்கறாங்க. ஒரே நாள்ல ஆறு பேருக்கு முதுகுவலி."

அளவுமானியை எடுத்து வந்து கோத்தேன். சுற்றினேன். ஊசி ஒரே முறை போய்வந்தது.

"அனுப்பாதீங்க" என்றேன்.

"எனக்கு மேலேருந்து தாளு வந்திருக்கு. நிறுத்தச் சொல்லி நீ ஒரு தாளு கொடு, நிறுத்தறேன். வாய்ச்சொல்லுக்கு எல்லாம் நான் நிறுத்தினா, இந்நேரம் தெருவுல கடலை வித்துட்டிருப்பேன்."

கராஜோவ் சோஃபியாவுக்குப் போயிருக்கிறார். வெள்ளி மாலைதான் வருவார். தொலைபேசியில் பிடித்தேன். சாணைக்கு மோட்டார் எடுக்கச் சொன்னது நினைவிருக்கிறது என்றார். எந்த மோட்டார் என்று பார்க்க ஆள் அனுப்புகிறேன் என்றார். "நீங்க பதட்டப்படாதீங்க" என்றார். நான் பதட்டப்படவே இல்லை. அதுதான் எனக்கு அச்சமாக இருக்கிறது.

அவர் அனுப்பும் ஆள் எதைப் பார்ப்பான்? தகட்டைப் பார்ப்பான்.

வண்டிக்குத் திரும்பிவந்து மணிக்கட்டு நூலை அவிழ்த்து மோட்டார்த் தண்டில் கட்டினேன்.

"என்ன இது?" என்றார் ஸ்தாமென்.

"சுத்தாம இருக்க."

"நூலு நிறுத்துமா?"

"நிறுத்தாது."

ஏப்ரல் 10, வியாழன்

அச்சகத்துக்குப் போனேன். அசேனின் நாற்பதாம் நாள் தாள்களுக்கு நெவேனா சொல்லி வைத்திருந்தாள். அவை தயாராக இருந்தன. எனக்கும் அதே அளவில், அதே கருங்கரையில் அறுபது தாள் வேண்டும் என்றேன்.

அச்சகத்துப் பெண் பேனாவை எடுத்தாள். "இறந்தவங்க பேரு?"

"பேரு வேணாம். நான் எழுதிக் கொண்டுவந்ததை அப்படியே போடு."

"படம்?"

"வேணாம்."

படித்தாள். இரண்டாம் முறை படிக்கும்போது உதடு அசைந்தது. பிறகு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "கரை தடிமனா, மெல்லிசா?" என்றாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

நெவேனாவிடம் சொன்னேன். சமையலறையில், நின்றபடி. முழுவதும் சொன்னேன்.

புனிதர் படத்தின் பின்னாலிருந்து தாளை எடுத்தாள்.

"அப்ப இது பொய்யா?"

"ஆமா."

"அவரு தப்பு இல்லைங்கறது?"

"அது உண்மை."

"நீங்க..." என்றாள். அடுப்பை அணைத்தாள். கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். நான் வெளியே வந்ததும் சாத்திக்கொண்டாள்.

வழியெங்கும் பிளம் மரங்கள் பூத்திருக்கின்றன. கட்ட நூல் இல்லை.

ஏப்ரல் 12, சனி

நாற்பதாம் நாள்.

வார்ப்பாலை சனிக்கிழமையும் ஓடுகிறது. காலை ஆறரைக்குப் பசை வாளியோடு தொடங்கினேன். வாயிலில், கூடங்களின் கதவுகளில், உணவறையில், கம்பங்களில், கராஜோவின் அறைக்கதவில். ஒவ்வொரு இடத்திலும் அசேனின் தாளுக்குப் பக்கத்தில் என் தாள்.

ஏழே காலுக்குக் கராஜோவ் வந்தார். வாயிற்காவலனிடம் கிழிக்கச் சொன்னார். அவன் கையைத் தூக்கினான், கரையைப் பார்த்தான், இறக்கிக்கொண்டான். கருங்கரைத் தாளை எங்கள் ஊரில் எவரும் கிழிப்பதில்லை. மழைதான் கிழிக்கும். அதற்காகவே அந்தக் கரையைப் போட்டேன்.

"அப்ப நீங்களே கிழிங்க ஐயா" என்றான் காவலன், மரியாதையாக. அவரும் கிழிக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். காவல்துறைக்குத் தொலைபேசி செய்திருப்பார். செய்யட்டும், நானும் சொல்ல வேண்டியவள்தான்.

தாஞ்சோ தாளைப் படித்தான். உள்ளே ஓடினான். திரும்பி வந்தவன் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. "மணல் சலிக்கற பொறியில ஒண்ணு இருக்கு. செம்பு" என்றான். "கரண்ட் கைப்பிடியை இறக்கிட்டேன்."

ஸ்தாமென் பண்டகசாலைச் சுவரிலிருந்த தாளை மட்டும் பசை காயுமுன் பதமாக உரித்து, மடித்துக் கோப்பில் வைத்தாராம். தள்ளுவண்டியிலிருந்த மோட்டாரை உள்ளே தள்ளிப் பூட்டினாராம். அவருக்கு வேண்டிய தாள் வந்துவிட்டது.

பத்து மணிக்குக் கல்லறைத் தோட்டம். நெவேனா எல்லோருக்கும் கோதுமை கொடுத்தாள். கடைசியாக எனக்கும் ஒரு குவளை நீட்டினாள், முகத்தைப் பார்க்காமல். வாங்கிக்கொண்டேன். இனிப்பாக இருந்தது.

நண்பகலில் ஆலைக்குத் திரும்பினேன். மூன்று மோட்டார்கள் நின்றிருந்தன. தள்ளுவண்டியிலிருந்தது நான்காவது. மீதி ஆறு இருக்கும் இடம் தெரியவில்லை. இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் வாயிலுக்குள் வந்துகொண்டிருந்தார்கள். தாளை யாரும் நின்று படிக்கவில்லை; இறந்தவர் யாரென்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் கடந்தார்கள். படியில் ஏறினேன். சொந்தமாக ஒரு சொல்லும் வரவில்லை. தாளில் இருந்ததையே படித்தேன். குரல் தட்டையாக இருந்தது. கடைசி வரிசைக்கும் கேட்டது.

"தோழர்களே. சென்ற அக்டோபர் பதினேழாம் நாள் பதினொரு மோட்டார்களுக்குத் தகடு அடித்தவள் நான், ராய்னா. ஆற்றலைப் பார்த்தேன், உருவத்தைப் பார்த்தேன், துருவத்தைப் பார்க்கவில்லை. அவற்றுள் ஒன்றை என் கையாலேயே மறுபடி கட்டி அனுப்பினேன். அது அசேனைக் கொன்றது. அசேன் எந்தப் பிழையும் செய்யவில்லை. கல்லிலும் பிழையில்லை. பத்து மோட்டார்கள் எஞ்சியிருக்கின்றன. அவற்றின் தகடு செம்பு ஆணியால் அடிக்கப்பட்டிருக்கும். உங்கள் பொறியின் பக்கத்தில் குனிந்து பாருங்கள். செம்பு தெரிந்தால் தகட்டை நம்பாதீர்கள், என்னையும் நம்பாதீர்கள். மின்சாரத்தைத் துண்டியுங்கள். அளவுமானியைக் கோத்து, தண்டைக் கையால் ஒரு சுற்று சுற்றி, ஊசி எத்தனை முறை போய்வருகிறது என்று எண்ணுங்கள். ஒரு மோட்டாருக்கு ஒரு நிமிடம். எண்ணி முடிக்கும்வரை ஒருவரும் விசையைத் தொடாதீர்கள். ஆகஸ்டில் அல்ல, திங்களன்று அல்ல. உள்ளே போங்கள்; இப்போதே நிறுத்துங்கள்."